பேக்ஃபயர் ஆயிடுச்சுப்பா

போன் அடித்தபோது நான் கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் சோப்பு. சுண்டுவிரலால் திரையைத் தள்ளி, ஸ்பீக்கரில் போட்டு, துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன்.

“சித்தி, செந்தில் பேசுறேன்.”

செந்தில் என் ஓரகத்தி சரோஜா அக்காவின் ஒரே மகன். சென்னையில் வேலை. என் கணவரின் அண்ணன் பிள்ளை என்பதால் நான் அவனுக்குச் சித்தி. சாதாரணமாகப் பேசினால் “சாப்பிட்டீங்களா சித்தி” என்றுதான் ஆரம்பிப்பான். அன்றைக்கு அது இல்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சித்தி. நீங்க அங்கதான இருந்தீங்க. உண்மையச் சொல்லுங்க. அந்தக் கொரம்ப அம்மாதான் வெட்டச் சொன்னாங்களா?”

கொரம்பு தெரியாதவர்களுக்காக: வாய்க்காலின் குறுக்கே மூங்கில் அடித்து, வைக்கோல் திணித்து, மண்மூட்டை அடுக்கிப் போடுகிற தற்காலிக அடைப்பு. பாபநாசத்தைச் சுற்றி எந்த ஊரில் கேட்டாலும் சொல்வார்கள். அதை யார் வெட்டினார்கள் என்பதுதான் அவன் கேள்வி.

அதற்கு ஒரே வார்த்தையில் பதில் இருந்தது. இல்லை. அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“பிளான் பேக்ஃபயர் ஆயிடுச்சுப்பா, செந்தில்” என்றேன்.

“சரி சித்தி. புரியுது. இனிமே அவங்கள அங்க தனியா விட முடியாது” என்று சொல்லி வைத்துவிட்டான்.

குழாயை மூட மறந்திருக்கிறேன். பாத்திரம் நிரம்பி வழிந்து என் புடவையெல்லாம் நனைந்திருந்தது.

மழையின் மேல் பழி

இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் சிலர் எனக்குக் கடிதம் போடுகிறார்கள். “சிரிக்கச் சிரிக்க எழுதுறீங்க டீச்சர்” என்கிறார்கள். இந்த வாரம் சிரிப்புக்கு உத்தரவாதம் கிடையாது. சொல்லிவிட்டேன், அப்புறம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சில வாரங்களுக்கு முன் எங்கள் வயல் முழுகிய கதையை எழுதினேன். “மழை கொண்டுபோனது” என்று ஒரு வாக்கியம் வரும். அழகாக இருப்பதாகப் பத்திரிகை ஆசிரியர் குழுவில் ஒருவர் போனில் பாராட்டினார். அழகாகத்தான் இருந்தது. பொய்யும்கூட.

அந்த வாக்கியத்தை எழுதிய நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மழை பாவம், அதற்கு வாய் கிடையாது. யார் என்ன பழி போட்டாலும் வாங்கிக்கொள்ளும்.

அந்த வார்த்தையும் நானும்

பெண்கள் பள்ளியில் ஆங்கில டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேக்ஃபயர் என்ற வார்த்தையைப் பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேனோ தெரியாது. “நாம போட்ட திட்டம் நம்மையே திருப்பி அடிக்கிறது” என்று அர்த்தம் சொல்லி, ஆளுக்கொரு வாக்கியம் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன்.

ஒருத்தி எழுதினாள்: நான் சாப்பிடக் கூடாது என்று அம்மா முறுக்கு டப்பாவை ஒளித்துவைத்தாள், ஒளித்த இடம் அவளுக்கே மறந்துபோனது, பேக்ஃபயர். முழு மதிப்பெண் போட்டேன். அதைவிடச் சரியாக அகராதியில்கூட இல்லை.

எங்கள் பள்ளியிலேயே ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். இடமாற்றப் பட்டியலில் பெயர் வந்துவிடும் என்று பயந்து, தனக்கு மூச்சிரைப்பு என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி மேலிடத்துக்கு அனுப்பினார். படித்துப் பார்த்த புண்ணியவான், பட்டணத்துத் தூசு இவருக்கு ஆகாது, கடற்காற்று நல்லது என்று கோடியக்கரைப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டார். வழியனுப்பு விழாவில் நாங்கள் யாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துத் தொலைப்போம்.

இப்போது டீக்கடையில்கூட இந்த வார்த்தை புழங்குகிறது. “பையன் வீட்டுக்காரங்க ரொம்ப பிகு பண்ணுனாங்க, பேக்ஃபயர் ஆயிடுச்சு, பொண்ணு வீட்ல வேற எடம் பாத்துட்டாங்க” என்கிறார்கள். பாபநாசம் கடைத்தெருவில் சைலன்சரை மாற்றிக்கொண்டு பட்டாசு மாதிரி வெடிக்கவிட்டுப் போகிற பைக்குகளுக்கும் அதே பெயர்தான். “பேக்ஃபயர் உடுறான் பாரு, கட்டையில போறவன்” என்று காதைப் பொத்திக்கொள்கிறார் பூக்காரம்மா.

எல்லாரும் சொல்கிறார்கள், எல்லாருக்கும் புரிகிறது. யார் திட்டம் போட்டது, யார் அடிபட்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

இன்ஜின் அடித்த அடி

நான் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வயலில் ஒரு பழைய டீசல் இன்ஜின் இருந்தது. கையால் ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்ப வேண்டும். ஒருத்தர் சுற்ற வேண்டும், இன்னொருத்தர் மேலே இருக்கிற லீவரைப் பிடித்திருந்து, வேகம் வந்த பிறகு கீழே தட்ட வேண்டும். முன்கூட்டித் தட்டிவிட்டால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். ஹேண்டில் கையைப் பிய்த்துவிடும்.

ஒரு நாள் சுற்றியவர் என் மூத்தார், அதாவது சரோஜா அக்காவின் கணவர். லீவரைப் பிடித்தவர் என் வீட்டுக்காரர். புதுப் பெண்டாட்டி வரப்பில் நின்று பார்க்கிறாள் அல்லவா, அவருக்குக் கவனம் இன்ஜினில் இல்லை. தட்டிவிட்டார். டமால் என்று ஒரு சத்தம். மூத்தாரின் மணிக்கட்டு அந்தரத்தில் தொங்கியது.

மாமனார் ஓடிவந்து, “எவன்டா லீவரத் தட்டினது?” என்று கத்தினார்.

“அவன் சரியாத்தான் தட்டினான். எனக்குத்தான் கை வழுக்கிடுச்சு” என்றார் மூத்தார். வலியில் அவருக்கு உதடு வெளுத்துப் போயிருந்தது.

கட்டுப் போட்டு ஒரு மாதம் அக்காதான் அவருக்கு ஊட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் நடந்ததைக் கடைசிவரை தன் அப்பாவிடம் சொல்லவில்லை. மூத்தாரும் சொல்லவில்லை. அந்தக் கை அதற்குப் பிறகு முழுசாக மடங்கவே இல்லை. இரண்டு பேருமே இப்போது இல்லை. எதற்கு இந்தப் பழங்கதை என்றால், அந்த வீட்டுக்கு அது பழக்கம். ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் தன் தலையில் போட்டுக்கொள்வது. செய்தவர் வாயை மூடிக்கொண்டு நிற்பதும் பழக்கம்தான். நான் அதை நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

குச்சி பார்ப்பது

அண்ணன் தம்பி போன பிறகு ஓரகத்திகள் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். அடுத்தடுத்த வயலைப் பார்த்தோம். என் வயல் மேட்டில். அக்காவுடையது பள்ளத்தில், வடிகாலை ஒட்டி.

எனக்குப் பென்ஷன் உண்டு. அக்காவுக்கு அந்த வயல்தான் எல்லாம். அவர் அதை வேலை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. “வயலப் பாத்துட்டு வரேன்” என்பார், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிற தோரணையில்.

அவரைச் சென்னைக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது செந்திலின் பிடிவாதம். அவனைக் குறை சொல்ல மாட்டேன், தனியாக இருக்கிற அம்மாவை நினைத்து அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. ஓர் ஆடி மாதம் வந்திருந்தபோது என் வீட்டுக் கூடத்தில் வைத்துத்தான் பேசி முடித்தார்கள்.

“நீங்க நிதானமா இருக்கற வரைக்கும் இருங்கம்மா. ஏதாவது ஒரு தடவ புத்தி தடுமாறி எதையாவது செஞ்சு வச்சீங்கன்னு தெரிஞ்சா, மறுபேச்சு இல்லாம வந்துடணும்.”

“வந்துடறேன். சித்தி சாட்சி” என்று அக்கா சிரித்தார்.

ஆமாம், நான்தான் சாட்சி.

அந்தக் கார்த்திகைக் கடைசியில் அடைமழை பிடித்தது. எங்கள் வடிகால் போய் ஆற்றில் சேர்கிறது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் அது வடிகால் வழியாகத் திரும்பி வயலுக்குள் வந்துவிடும். எதிர்த்து ஏறுவது என்று சொல்வோம். அது வராமல் இருக்க வடிகால் வாயில் கொரம்பு போட்டு அடைத்துவிடுவோம். அப்படி அடைத்தால் வயலில் பெய்த மழையும் வெளியே போகாது. ஆறு இறங்கும் வரை காத்திருந்து வெட்ட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதுதான் வித்தை.

அதற்கு அக்கா இரண்டு மூங்கில் குச்சிகள் நட்டு வைப்பார். ஒன்று கொரம்புக்கு உள்ளே, ஒன்று வெளியே. வெளிப்பக்கத் தண்ணீர் உள்ளே இருப்பதைவிட ஒரு சாண் இறங்க வேண்டும். அதற்கு ஒரு விரல் குறைந்தாலும் மண்வெட்டியைத் தொட விடமாட்டார். வெட்டும்போதும் முழுசாக வெட்ட மாட்டார். ஒரு மூட்டை அகலத்துக்கு மட்டும், நினைத்தால் உடனே திரும்ப அடைக்கிற மாதிரி.

அந்த வடிகாலை நம்பி இன்னும் நாலைந்து பேர் வயல் இருந்தது. எல்லாரும் அக்காவின் குச்சியைத்தான் நம்பினார்கள்.

நாலு விரல்

வயலில் முழங்கால் தண்ணீர் நின்று மூன்று நாள் ஆகியிருந்தது. சம்பாவில் கதிர் இன்னும் தொண்டைக்குள் இருக்கிற பருவம். அந்த நேரத்தில் பயிர் மூச்சு முட்டிக் கிடந்தால் கதிர் வெளியே வருவதற்குள் அழுகிவிடும்.

நாலாம் நாள் காலையில் மழை விட்டது. வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்தது. அக்கா போய்க் குச்சியைப் பார்த்துவிட்டு வந்தார்.

“நாலு விரல்தான் எறங்கியிருக்கு வசந்தா. இன்னக்கிப் பொழுதுக்கும் பொறுத்துப் பாப்போம்.”

“இன்னும் ஒரு நாளா? பயிரு என்னத்துக்குக்கா ஆவுறது?”

“பயிரு ஒரு நாள் தாங்கும். ஆறு தாங்குமான்னு தெரியலயே.”

இதைச் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். பயிர் இன்ஷூரன்ஸுக்கு அடங்கல் நகல் வாங்க வேண்டும், கடைசி நாள் நெருங்குகிறது என்று கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனார்.

நான் வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். விவசாயிகள் குழுவில் ஒரு செய்தி: மேலே தண்ணீர் திறப்பைக் குறைத்துவிட்டார்கள். இன்னொரு செய்தி: நாளை மறுநாள் திரும்பவும் மழை. யார் எழுதியது, எங்கிருந்து வந்தது, ஒன்றும் பார்க்கவில்லை. பரீட்சைத் தாளில் ஒரு கமா தப்பினால் சிவப்பு மையால் வட்டம் போடுகிறவள், இதை அப்படியே நம்பினேன். படித்த திமிர் என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

கணக்குப் போட்டேன். ஆறு இறங்குகிறது. மழை வரப்போகிறது. நடுவில் இருப்பது இந்த ஒரு பகல். அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது வயலில் தண்ணீர் வடிந்து பயிர் தெரிய வேண்டும். “அட, நீயா செஞ்ச!” என்று அவர் என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் வயல் விஷயத்தில் அவர் என்னிடம் ஒரு யோசனைகூடக் கேட்டதில்லை. அந்தக் குறையும் எனக்குள் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் இருவர் வயலிலும் வேலை பார்க்கிற கலியபெருமாளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

“பெரியம்மா வந்துடட்டும்ங்க டீச்சரம்மா” என்றார் அவர்.

“நான் பேசிக்கிறேன். நீங்க வெட்டுங்க.”

“ஒரு மூட்ட மட்டும் எடுக்கவாங்க?”

“அது எப்ப வடியறது? முழுசா எடுத்துடுங்க.”

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

திரும்பி வந்த வைக்கோல்

தண்ணீர் போயிற்று. நன்றாகவே போயிற்று. சுழித்துக்கொண்டு, இரைந்துகொண்டு, வைக்கோலும் வெங்காயத்தாமரையுமாக ஆற்றுப் பக்கம் ஓடியது. எனக்குக் கையைத் தட்ட வேண்டும்போல் இருந்தது. கலியபெருமாளுக்குப் பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக் கொடுத்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, தண்ணி போவுது! ஜோரா போவுது!”

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. அது அடங்கியதும் அக்கா கேட்டார்:

“எத்தன மூட்ட எடுத்த?”

“எல்லாத்தையும்.”

“அடி பாவி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கைக்குழந்தை மாடிப்படியில் நிற்பதைப் பார்த்தால் ஒரு குரல் வருமே, அப்படிச் சொன்னார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். நான் வடிகால் கரையிலேயே நின்றேன். ஒரு வைக்கோல் கற்றை மிதந்துகொண்டு வெளியே போனது. போகப் போக வேகம் குறைந்தது. நின்றது. நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பி வந்தது.

“டீச்சரம்மா” என்றார் கலியபெருமாள். சொல்லிக்கொண்டே மண்மூட்டையை எடுக்க ஓடினார்.

மேலே எங்கேயோ பெய்த மழை அது. ஆறு ஏறிக்கொண்டு வந்தது. திறந்து போட்ட வாய் வழியாக உள்ளே நுழைந்தது. மூட்டையைத் தூக்கிப் போட்டோம், அடித்துக்கொண்டு போனது. இரண்டு பக்கக் கரையும் கரைந்து வாய் இன்னும் அகலமானது.

அக்கா வந்தார். அடங்கலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கினார். “வீட்ல இருக்கற வைக்கோல் அம்புட்டையும் கொண்டாங்க” என்றார். மாட்டுக்கு வைத்திருந்த போர் முழுவதும் உள்ளே போயிற்று. நின்றபாடில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அவரே கரையேறி உட்கார்ந்தார். கையெல்லாம் மூங்கில் கிழித்து ரத்தம்.

எதிரே இருந்தது வயல் இல்லை. ஏரி.

அந்தத் தண்ணீர் ஒன்பது நாள் நின்றது. என் வயல் மேடு என்பதால் பாதிக்குப் பாதி தேறியது. அக்காவின் வயலில் கதிர் தொண்டைக்குள்ளேயே கறுத்துப்போனது. தாளைப் பிரித்துப் பார்த்தால் பிசுபிசுவென்று ஒரு நாற்றம். அந்த நாற்றம் இன்றைக்கும் சில நாள் எனக்குச் சோற்றில் வருகிறது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவேன்.

நான்தான் வெட்டச் சொன்னேன்

மறுநாள் காலையில் மற்ற வயல்காரர்கள் கரையில் கூடிவிட்டார்கள். அவர்களுக்கும் நஷ்டம்தான். ஆளுக்கு ஆள் கத்தினார்கள்.

“எவன் வெட்டினது? கேக்கறோம்ல, எவன்?”

கலியபெருமாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அக்கா முன்னால் போய்விட்டார்.

“நான்தான் வெட்டச் சொன்னேன். எறங்கிடும்னு நெனச்சேன். எங்கணக்குத் தப்பிப் போச்சு.”

கூட்டம் அடங்கிப்போனது. ஒருத்தர் மட்டும், “இத்தன வருசமா குச்சி பாக்கறவங்க நீங்க. நீங்களே இப்புடிப் பண்ணலாமாம்மா?” என்றார். இன்னொருத்தர் பின்னால் திரும்பிக்கொண்டு, “வயசாயிடுச்சுல்ல, தடுமாறுது” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அக்கா காதில் விழுந்தது, என் காதிலும் விழுந்தது.

திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, “ஏன்க்கா அப்புடிச் சொன்னீங்க?” என்று அழுதேன்.

“உன்னச் சொன்னா அடுத்த வருசம் உன் வயலுக்குத் தண்ணி கட்ட ஒருத்தன் வரமாட்டான். நான்னா திட்டிட்டு உட்டுடுவானுங்க. மூஞ்சியக் கழுவு, போ.”

ஊர்க்காரர்கள் அவரைத் திட்டிவிட்டு விட்டுவிடத்தான் செய்தார்கள். ஆனால் அதில் ஒருத்தர் செந்திலுக்குப் போன் போட்டு, நல்ல எண்ணத்தில்தான், “அம்மாவுக்கு முன்ன மாதிரி நிதானம் இல்ல தம்பி” என்று சொல்லிவிட்டார்.

அதற்கு மறுநாள்தான் செந்தில் என்னைக் கூப்பிட்டான்.

இப்போது புரிகிறதா அவன் கேள்வியின் எடை? அவன் வயலைப் பற்றிக் கேட்கவில்லை. மழையில் போயிருந்தால் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டான். அம்மாவுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று கேட்டான். நான் “இல்லப்பா, வெட்டச் சொன்னது நான், உன் அம்மா பொறுத்திருக்கத்தான் சொன்னாங்க” என்று சொல்லியிருந்தால் அக்கா அந்த வீட்டிலேயே இருந்திருப்பார்.

என்ன பயம் எனக்கு? ஊர் என்னைத் தூற்றும் என்றா? டீச்சர் என்ற பெயர் போய்விடும் என்றா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், உருப்படியான காரணம் ஒன்றுகூட அகப்படவில்லை. அக்கா சொல்லிவிட்டார், நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவ்வளவு கேவலமான காரணம்தான்.

நாலாவது மாடி

தை பிறந்ததும் செந்தில் கார் எடுத்துக்கொண்டு வந்தான். அக்கா கொடுத்த வாக்கை மீறவில்லை. இரண்டு பெட்டி, ஒரு சாமி படம். காரில் ஏறுமுன் என் கையைப் பிடித்து, “குச்சி ரெண்டையும் புடுங்கி எங்கொட்டாயில சொருகி வையி” என்றார்.

மறு வருஷமே நிலத்தையும் வீட்டையும் விற்றுவிட்டார்கள். இப்போது வயலில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு, மனை பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் கல்லின் தலை மட்டும் வெளியே தெரிகிறது. அக்காவின் மாட்டுக் கொட்டாயைப் பிரித்துவிட்டார்கள். குச்சிகள் என் வீட்டில் இருக்கின்றன.

அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, எழுத்துக் கூட்டிப் படிக்க முடியவில்லை. இந்தத் தொடரை வாராவாரம் செந்தில்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசிப்பான், பதினோரு மணிக்கு அக்காவின் போன் வரும். “போன வாரம் நீ எழுதுனது தப்பு. அந்தப் பசு சுட்டி இல்ல, மயிலை” என்று திருத்துவார். வயலின் எந்த மூலையில் எந்த வருஷம் எந்த ரகம் போட்டார் என்பது முதல் எல்லாம் அவருக்கு அப்படியே நினைவிருக்கிறது. இவருக்கா புத்தி தடுமாற்றம்!

வயல் முழுகிய கதையை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அவர் எதையும் திருத்தவில்லை. “நல்லா எழுதியிருக்க” என்றார்.

போன மாதம் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: “கீழ எறங்கிக் கீர வாங்கக்கூட உடமாட்டேங்கறான் வசந்தா. நாலாவது மாடிலேருந்து பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். கேஸு அடுப்பப் பத்த வக்கப் போனா, ‘வேணாம்மா, அன்னக்கி நடந்தது மறந்துபோச்சா’ங்கறான். கதவச் சாத்திச் சாவிய எடுத்துட்டுத்தான் ஆபீசு போறான்.”

என்னால் தாங்க முடியவில்லை. “அக்கா, நான் சொல்லிடறேன். இந்தத் தொடர்லயே எழுதிடறேன்” என்றேன்.

“எழுதாத” என்றார் உடனே. “அவன்தான் வாசிக்கறான். இனிமே எழுதி என்ன வரப்போவுது, வயலா வரப்போவுது? ஒன்னயும் சித்தின்னு கூப்புடாமப் போயிடுவான். இருக்கறதே நாம மூணு பேரு.”

நியாயம்தான். வயல் வராது. அதில் மஞ்சள் கல் முளைத்துவிட்டது. அக்காவுக்குத் திரும்பி வர ஒரு வீடு இல்லை, கூரை இல்லை. நான் என்ன எழுதினாலும் அந்த ஒன்பது நாள் தண்ணீரில் ஒரு விரல்கூட இறங்காது. இது தெரிந்தேதான் எழுதுகிறேன். நல்லது நடக்கும் என்று நம்பி நான் ஒரு தடவை செய்தது போதும்.

செந்தில், இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா பால்கனிப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நீ வாசித்துக்கொண்டிருப்பாய். கொரம்பு என்ற வார்த்தை வந்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும், “போதும், நிறுத்து, அப்புறமா படிச்சுக்கலாம்” என்று சொல்லியிருப்பார். நீ நிறுத்தியிருந்தால், தனியாக உட்கார்ந்தாவது இதுவரை வந்துவிடு.

நீ அன்றைக்குக் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கொரம்பை வெட்டச் சொன்னது உன் அம்மா இல்லை. நான். உன் அம்மா குச்சியைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் பொறுக்கச் சொன்னார். அவர் கணக்கு அன்றைக்கும் தப்பவில்லை.

அவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடு.